அடுப்பு எரியாத வீட்டின் கூறு

ஸ்வீடனில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் நிலவறையில் எல்லா வீடுகளுக்கும் பொதுவாகத் துணி துவைக்கும் அறை ஒன்று இருக்கிறது. சுவரில் நாளும் நேரமும் கட்டம் போட்ட ஒரு பலகை. வீட்டுக்கு ஒரு சிறு பூட்டு. என் பூட்டைச் செவ்வாய் மாலைக் கட்டத்தில் மாட்டிவிட்டால் அந்த நேரம் என்னுடையது. மந்திரியே வந்தாலும் காத்திருக்க வேண்டும். நான் செத்துப்போனாலும் பூட்டு அங்கேயேதான் தொங்கும். யாரும் தொடமாட்டார்கள். யாரும் தேடவும் மாட்டார்கள்.

மோகனூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் பலகையெல்லாம் கிடையாது. செருப்பை மாட்டினாலே எதிர்வீட்டுக் குரல், "எங்கீங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்கும். கரும்பு லாரிக்கு ஒதுங்கி நின்றால் ஓட்டுநர் தலையை நீட்டி எப்போது வந்தேன், எப்போது போவேன், அங்கே என்ன சம்பளம் என்று கேட்டுவிட்டுத்தான் கியர் போடுவார். ஸ்வீடனிலோ, மாடிப்படியில் பல வருடங்களாகப் பார்க்கும் பெண்மணி இன்றுவரை வானிலையைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்தக் கேள்விகளுக்காக அங்கே ஏங்கினேன். ஊருக்கு வந்த இரண்டு நாளில் எரிச்சலானேன். இரண்டு இடத்திலும் பொருந்தாத உடம்பு எனக்கு.

ஆனாலும் ஒரு பிடி இருந்தது. கருப்பணார் கோயில் பொங்கலில் வெட்டும் கிடாக்கறியில் எங்கள் வீட்டுக்கு ஒரு கூறு உண்டு. வாழையிலைகளை வரிசையாக விரித்துக் கறியைச் சமமாகக் கூறு போட்டு, ஒவ்வொரு வீட்டையும் பெரியப்பா உரக்கக் கூப்பிடுவார். பங்காளிகள் தூக்குவாளியோடு போய் வாங்குவார்கள். பச்சைக்கறிதான், அவரவர் வீட்டில் ஆக்கிக்கொள்ள வேண்டும். அலுவலகத்துக் காப்பி மேசையில் இதை எத்தனை முறை பீற்றியிருக்கிறேன்! எங்கே இருந்தாலும் அந்த மண்ணில் என் பெயருக்கு ஓர் இலை விரிந்திருக்கும் என்று.

அம்மா போன பிறகு இந்த வருடம்தான் பொங்கலுக்கு வந்தேன். நாமக்கல்லில் லாட்ஜ் எடுத்துத் தங்கினேன். பஸ் ஸ்டாண்டில் புதுத் தூக்குவாளி வாங்கினேன்.

பெரியப்பா கூப்பிட்டார். "தெக்காலூடு." "கெணத்துக்காடு." "பள்ளத்துக்காடு." எங்கள் மேக்காலூட்டின் பெயர் வரவில்லை. கடைசி இலையும் காலியானது.

"பெரியப்பா, எங்கூட்டுக் கூறுங்க?"

அவர் கத்தியைத் துடைத்தபடி நிமிர்ந்தார். "அடுப்பெரியற ஊட்டுக்குத்தான் கூறு சாமி. எந்தக் காலத்துலயும் அதான வழக்கம்? உங்கம்மா போனதுல இருந்து அந்த ஊடு பூட்டித்தான கெடக்குது."

"நான் அங்க தெனமும் ஆக்கித்தானுங்க திங்கறேன்."

"அங்க எரியற அடுப்புக்கு அந்தூருச் சாமியக் கேளு."

"அங்க கெடா கெடைக்காதாட்டம் இருக்குதுங்க, பனிக்கரடிதான் வெட்டோணும்" என்றான் சித்தப்பா மகன். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்த வாயை மூடத் தெரியாமல் சற்று நேரம் நின்றேன்.

எங்கள் வீட்டுச் சாவி அவனிடம்தான் இருந்தது. பிறகு அவனிடமே அதைக் கேட்டேன். சும்மா பார்க்கத்தான் என்றேன். யோசித்துக்கொண்டே கொடுத்தான். ஏன் யோசித்தான் என்பது கதவைத் திறந்ததும் தெரிந்தது. உள்ளே கூரைவரை கோழித்தீவன மூட்டைகள். அம்மாவின் விறகடுப்பின் மேலும் ஒரு மூட்டை. ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. பூட்டிய வீடு யாருக்கும் உதவாமல் கிடப்பதுதான் பாவம் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த மூட்டையை இழுத்துத் தள்ளினேன். வாசலில் கிடந்த தென்னமட்டையை ஒடித்து அடுப்பில் செருகிப் பற்றவைத்தேன். தூக்குவாளியில் தண்ணீர் பிடித்து ஏற்றினேன். புகை கண்ணைக் கரித்தது. எரியட்டும். ஓட்டின் மேல் புகை ஏறினால் கோயிலிலிருந்து தெரியும், பெரியப்பா பார்க்கட்டும். மேக்காலூட்டில் அடுப்பு எரிகிறது.

தெரிந்தது. பிளாஸ்டிக் வாளியோடு சித்தப்பா மகன் ஓடிவந்தான்.

"அண்ணா! தீவனமுங்க! முழு லோடும் உள்ள கெடக்குதுங்க!"

நான் எழுவதற்குள் வாளித் தண்ணீர் அடுப்பில் விழுந்தது. சாம்பல் என் சட்டையெல்லாம். மூட்டைகளைத் தடவிப் பார்த்தான், ஒவ்வொன்றாக, காய்ச்சல்கார மாட்டைத் தடவுவதுபோல. பிறகுதான் என்னைப் பார்த்தான். முகம் இளகியது.

"கறி வேணும்னா ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களாண்ணா? எங்க கூறுல பாதிய எடுத்துக்கோங்க. பிரிட்ஜுல வெச்சுத் தரச் சொல்றேன்."

கெட்டவன் இல்லை அவன். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன்.

"வாங்க, மொதப் பந்திங்க. உங்களுக்கு எல போட்டாச்சு."

முதல் பந்தியில் வாத்தியார், மின்வாரியத்துக்காரர், பந்தல்காரர், நான். வெளியாட்களை முதலில் உட்காரவைப்பதுதான் எங்கள் ஊர் மரியாதை. சின்ன வயதில் அந்தப் பந்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஓடியிருக்கிறேன். பந்திக்கெனத் தனியாக ஆக்கிய கறியைப் போடப் பெரியப்பாவே வந்தார். என் இலையில் மட்டும் இரண்டு கரண்டி அதிகம்.

"கூச்சப்படாமச் சாப்புடு சாமி. அத்தன தூரத்துல இருந்து வந்திருக்கற."

கறி நன்றாக வெந்திருந்தது. உப்பு, காரம் எதிலும் குறை சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் தின்றேன். இலையை மூடினேன்.

ஸ்வீடன் திரும்பிய வாரம், புகை ஏறிய அந்தச் சட்டையை நிலவறைக்கு எடுத்துப் போனேன். செவ்வாய் மாலைக் கட்டத்தில் என் பூட்டு அப்படியே தொங்கியது. மாடிப்படிப் பெண்மணி என்னைக் கடக்கும்போது மூக்கைச் சுளித்தார், பிறகு வெளியே குளிர் அதிகம் என்றார். ஆமாம் என்றேன். இயந்திரத்துக்குள் சட்டை சுற்றிக்கொண்டிருந்தது. சாம்பல் கலந்த தண்ணீர் போனது. சட்டை வெளியே வந்தபோது எந்த வாசமும் இல்லை.