சுவரில் ஒட்டிய முகம்

தபால்காரர் பொன்னப்பனின் சைக்கிள் மணி செங்கல் முக்கில் கேட்டால் போதும், விமலகுமாரிக்கு இருப்புக்கொள்ளாது. அடுப்பில் வைத்ததை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். அவர் நீட்டுவதோ எப்போதும் மதராஸ் ஓவியப் பள்ளியின் பழுப்பு உறைதான். குவைத்திலிருந்து ஒன்றும் இருக்காது. அந்த உறையைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இத்தனைக்கும் அந்த அஞ்சல்வழிப் படிப்பில் அவளைச் சேர்த்துவிட்டவனே அவள் கணவன் ராபின்சன்தான். குவைத்தில் லாரி ஓட்டுகிறவன். போன லீவில் வந்தபோது, பழைய காலண்டரின் பின்பக்கம் அவள் கிறுக்கியிருந்த கோழியைப் பார்த்துவிட்டு, அடுத்த வரவுக்குள் தன் முகத்தை வரைந்து காட்டவேண்டும் என்று பந்தயம் கட்டிப் போனான். ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. அதோடு அவன் கடிதமும் நின்றுபோயிற்று. ரேடியோவைத் திருப்பினால் போர்ச் செய்திதான். கேட்காமல் இருப்பது அதைவிட மோசம். பென்சில் பிடிக்கும்போது மட்டும் அந்த நினைப்பு விலகியிருந்தது. அதனால் பானை, செருப்பு, மாமியாரின் கை என்று வரைந்துகொண்டே இருந்தாள்.

அடுத்த பாடம் முகம். கல்யாணப் போட்டோவில் கோட்டுப் போட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு நின்ற ராபின்சனைப் பெரிய தாளில் கறுப்புப் பென்சிலால் வரைந்தாள். எட்ட நின்று பார்த்துத் திருத்தும்படி பாடத்தில் சொல்லியிருந்தது. சோற்றுப் பசையால் முன்னறைச் சுவரில் ஒட்டிவிட்டுக் குளிக்கப் போனாள்.

அங்கேதான் வினை. அந்த ஊரில் ஒருவனுடைய முகத்தைக் கறுப்புப் பென்சிலில் பெரிதாக வரைந்து முன்னறையில் வைப்பது அவன் செத்த பிறகுதான். பால் கொண்டுவந்த விஜயம்மா ஜன்னல் வழியே அதைப் பார்த்தாள். அவள் வாயில் ஒரு சங்கதி தங்கினால்தானே! விமலா தலை துவட்டிக்கொண்டு வரும்போது முற்றம் நிறைய ஆட்கள். சபை மூப்பர் எலியா வேதப்புத்தகத்தோடு நின்றார். துக்கப் பந்தலுக்கு மூங்கில்கூட வந்துவிட்டது.

மாமியார் தரையில் உட்கார்ந்து சுவரையே பார்த்தாள்.

“எனக்கிட்ட மறைச்சுப்போட்டியே, மக்கா.”

ஒரு தகவலும் வரவில்லை, இது பாடம் என்று விமலா திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரும் நம்பவில்லை. அவர்கள் பரிதாபமாகப் பார்த்த பார்வையில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. சுவரில் இருந்தவன் செத்தவனைப் போலத்தான் இருந்தான். பயமும் ஆத்திரமும் சேர்ந்துகொண்டன. ரப்பரை எடுத்து அவன் வாயை அழித்தாள். போட்டோவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தயம் கட்டிய அன்று அவன் சிரித்த சிரிப்பை, உடைந்த முன்பல்லோடு, கண் இடுங்க, அத்தனை பேர் முன்னாலும் நின்று வரைந்தாள். செத்தவர்களை யாரும் பல் தெரிய வரைவதில்லை.

மாமியார் எழுந்து கிட்டே வந்து பார்த்தாள்.

“இதாக்கும் எனக்க மோன்,” என்றாள்.

எலியா வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மூங்கில் வந்த வழியே திரும்பிப் போயிற்று. அந்தப் பாடத்தை மட்டும் விமலா மதராசுக்கு அனுப்பவில்லை.

அக்டோபரில் ராபின்சன் ஜோர்தான் வழியாகத் தப்பி, உடுத்த துணியோடு பாறசாலை ஸ்டேஷனில் வந்து இறங்கினான். உயிரோடு வந்தானே என்று வீடே அழுதது. ஆனால் வந்தவன் முகத்தில் சிரிப்பே இல்லை. சைக்கிள் மணி கேட்டால் இப்போது திடுக்கிட்டு எழுவது அவன்தான். ஒரு சாயங்காலம் அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றான்.

“நான் இப்பிடியா சிரிப்பேன்?”

“இப்பிடித்தான் சிரிப்பிய,” என்றாள் விமலா. “மறந்திருந்தா, பாத்துப் படியுங்க.”