வரைபடத்தில் ஓடும் பாலாறு

போன ஞாயிற்றுக்கிழமை செவிலிமேட்டில், எங்கள் நகர் கல்யாண மண்டபத்தில் ஒரு கூட்டம். 'காட்டுத்தீ அபாய மதிப்பீடு – மக்கள் பாதுகாப்புத் திட்டம்' என்று பேனர் கட்டியிருந்தார்கள்.

காஞ்சிபுரத்தில் ஏதய்யா காடு என்கிறீர்களா? பாலாற்றுப் பக்கம் வந்து பாருங்கள். கடைசி வீட்டுச் சுவர் முடிகிற இடத்தில் சீமைக்கருவேலம் ஆரம்பிக்கிறது. அதைத் தாண்டினால் ஆள் உயரத்துக்குக் கோரை. கோடையில் அத்தனையும் சருகு. நம் ஜனங்களோ வீட்டைப் பளபளவென்று துடைத்துவிட்டு, குப்பையை மட்டும் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்க் கொளுத்துவார்கள். கேட்டால் சுத்தமாம்!

போன மாதம் அப்படி யாரோ ஒரு மகானுபாவர் கொளுத்திய குப்பை, கோரைக்குத் தாவி, முள்ளுக்குத் தாவி, ரோஸி வீட்டுப் பின்சுவர் வரைக்கும் வந்துவிட்டது.

ரோஸி எங்கள் தெருவின் கடைசி வீடு. பட்டுப் புடவைகளுக்கு பிளவுஸ் தைக்கிறவர். கணவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்ட் வேலை. பின்னறையில் மாமியார்... எழுந்து நடக்க முடியாதவர். அன்றைக்குப் பகலில் அந்த அம்மாவை பிளாஸ்டிக் சேரோடு தூக்கி வெளியே கொண்டுவந்தோம். சேரின் ஒரு பக்கம் என் கையில் இருந்தது. அவர் இருமிய இருமலை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

தீயணைப்பு வண்டி வராமலில்லை. சீக்கிரமே வந்தது. வந்து, எங்கள் நகர் ஆர்ச்சுக்கு முன்னால் நின்றது. நலச்சங்கம் ஆசை ஆசையாகக் கட்டிய ஆர்ச். அதில் கார் நுழையும், ஸ்கூல் வேன் நுழையும். தீயணைப்பு வண்டி நுழையாது! பாவம், அந்த வீரர்கள் வண்டியை விட்டுவிட்டு மண்வெட்டியும் பச்சைக் கிளையுமாக ஓடினார்கள். நல்லவேளையாகக் காற்று திரும்பியது. சுவரோடு போயிற்று.

அதனால்தான் இந்தக் கூட்டத்துக்கு நானும் நம்பிக்கையோடு போய் உட்கார்ந்தேன். சென்னையிலிருந்து குழுவோடு வந்திருந்த நிபுணர் லேப்டாப்பைத் திறந்தார். மலையிலிருந்து கடல் வரைக்கும் ஒரே வரைபடம். அபாயம் அதிகமென்றால் சிவப்பு, நடுத்தரமென்றால் மஞ்சள், குறைவென்றால் பச்சை. எங்கள் நகர்? கிளிப்பச்சை!

ரோஸி எழுந்து நின்றார். "சார், போன மாசம் எங்க வூட்டாண்டதான் எரிஞ்சுது. அது எப்பிடி சார் பச்சையா இருக்குது?"

"மேடம், உங்க பக்கத்துலயே பெரிய நீர்நிலை இருக்கு பாருங்க." திரையில் தடியாக ஒரு நீலப் பட்டை... நம் பாலாறு! "தீ இதைத் தாண்டி வராது. வண்டிக்குத் தண்ணியும் அங்கேயே எடுத்துக்கலாம்."

மண்டபத்திலிருந்து நாலு எட்டு நடந்தால் ஆறு. அதில் கால் நனைய வேண்டுமென்றால் நாம்தான் குடத்தில் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். கூட்டத்துக்கு முன்னால் டீ குடிக்க வெளியே வந்த நிபுணர் குழு, அந்த நாலு எட்டை நடக்கவில்லை. ஆகாயத்திலிருந்து எடுத்த படம் இருக்கும்போது செருப்பை எதற்குத் தேய்ப்பது?

சரி, மண்டபமே சிரிக்கப்போகிறது என்று காத்திருந்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. கடைசியில் நான்தான் எழுந்து, ஆற்றில் இருப்பது மணலும் முள்ளும்தான் என்று சொன்னேன். நிபுணர் முகம் கொஞ்சம் மாறியது. "அப்படின்னா நேர்ல பார்த்துத் திருத்திடலாம் சார். அநேகமா சிவப்பாயிடும்" என்றார்.

அவ்வளவுதான். சங்கச் செயலாளர் வரதன் பதறி எழுந்தார். "செவப்பா? ஐயோ, வாணாம் சார்! மனை வாங்க வர்றவன் அத்த பாத்தா இந்தப் பக்கம் தலை வெச்சிப் படுப்பானா? பச்சையே இருக்கட்டும்!"

கைதட்டல்! அன்றைக்குப் புகையில் மூக்கைப் பொத்திய அதே கைகள்.

ரோஸி விடவில்லை. "கலர் எதுவா இருந்தா எனக்கு இன்னாண்ணா? பின்னால இருக்கிற முள்ள வெட்டிக் குடுங்க. ஆர்ச்ச கொஞ்சம் ஒசத்திக் கட்டுங்க. எங்க மாமியார இன்னொரு வாட்டி தூக்கினு ஓட முடியாது."

"ஆர்ச்ச பத்தி மட்டும் பேசாதம்மா. அய்யர வெச்சி பூஜை போட்டுத் தெறந்தது. முள்ளப் பத்தி அப்பால பாக்கலாம், குந்து" என்றார் வரதன்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே அச்சில் போட முடியாது. தெரியாமல் தப்பு செய்தவரைத் திருத்தலாம். அந்த நிபுணர்கூடத் திருத்திக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார். ஆனால், எரிந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, எரியவே எரியாது என்று எழுதி வாங்குகிறவர்களை என்ன செய்வது? நமக்கு வேண்டியது பாதுகாப்பு இல்லை சார். பாதுகாப்பாக இருக்கிறோம் என்று ஒரு சர்டிஃபிகேட். அதை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டால் போதும்... நிம்மதியாகத் தூங்குவோம்.

நேற்று பால் வாங்கப் போகும்போது பார்த்தேன். ஆர்ச்சின் கீழே ஒரு புது ஃபிளெக்ஸ் தொங்கியது: 'தீ அபாயமற்ற பசுமை நகர் உங்களை அன்புடன் வரவேற்கிறது.' உயரம் இன்னும் ஓர் அடி குறைந்துவிட்டது. ஸ்கூல் வேனே குனிந்துதான் போக வேண்டும்.

ரோஸி வீட்டுப் பின்சுவரை ஒட்டி வரிசையாகப் பிளாஸ்டிக் டிரம்கள். ஒவ்வொன்றிலும் விளிம்பு வரை தண்ணீர். மாமியாரின் கட்டில் முன்னறைக்கு, வாசற்படிக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது.

வரைபடம் காட்டிய பாலாறு இப்போது அந்த டிரம்களில்தான் இருக்கிறது.