விரல் ஈரம்

அந்தக் கார்த் தொழிற்சாலையில் அவரை ஈரக்கைக்காரர் என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டோடு சரி. வண்டி முழுதும் பூட்டி முடிந்ததும் கடைசியாக ஒரு நீளமான தகரக் கூண்டுக்குள் போகும். கூண்டுக்குள் மேலே, கீழே, இரண்டு பக்கமும் குழாய்கள். தண்ணீர் அடிக்கிற அடியில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. வண்டி மறுபக்கம் சொட்டச் சொட்ட வந்து நின்றதும் கதவைத் திறந்து, தலையை உள்ளே நுழைத்து, கால் வைக்கும் இடத்தில், கம்பளத்துக்கு அடியில், பின் டிக்கி மூலையில் எல்லாம் தடவிப் பார்க்க வேண்டியது அவர் வேலை. ஈரம் இருந்தால் வண்டி திரும்பிப் போகும். இல்லையென்றால் முன் சீட்டுக்கு அடியில் பெயிண்ட் பேனாவால் ஒரு பொட்டு வைப்பார். மூன்று ஷிப்டிலும் இந்த வேலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். இவருக்கு நீலம்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை சும்மா கிடக்காது. கொடியில் காயும் துணியைத் தொடும், ஜன்னல் ஓரச் சுவரைத் தொடும், சமையல் மேடைக்கு அடியில் போகும். "என் தலையையும் ஒரு தரம் தடவிச் சொல்லுங்க, காஞ்சிடுச்சா இல்லையான்னு. பொட்டு நானே வச்சுக்கிறேன்" என்பாள் மனைவி.

தொழிற்சாலையில் ஒரே கூரைக்குக் கீழே பெரிய வண்டியும் சின்ன வண்டியும் தயாராயின. பெரிய வண்டி வாங்குகிறவர்கள் கதவு சாத்தும் சத்தம் சரியில்லை என்று கூடச் சண்டைக்கு வருவார்கள். சின்ன வண்டி வாங்குகிறவர்கள் அப்படி இல்லை. குடும்பத்தோடு வந்து எடுத்துப் போவார்கள். சீட்டில் போட்ட பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க மனசு வராமல் ஒரு வருஷம் அதன் மேலேயே வியர்த்து வழிய உட்கார்ந்திருப்பார்கள். வண்டியில் ஏதாவது சத்தம் வந்தால், நாம்தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டோமோ என்று முதலில் தங்களைத்தான் சந்தேகப்படுவார்கள். இது ஈரக்கைக்காரருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

நடந்தது இதுதான். ஒரு சமயம் சின்ன வண்டிக்குக் கதவு ரப்பர் கொடுக்கிற ஆளை மாற்றினார்கள். புது ரப்பர் கீழ் மூலையில் வளையும் இடத்தில் கொஞ்சம் மெலிவு. பத்து வண்டிக்கு நாலு வண்டி உள்ளே கசிந்தது. ஈரக்கைக்காரர் திருப்பினார், திருப்பினார், திருப்பிக்கொண்டே இருந்தார். திரும்பிய வண்டிகள் சந்தில் வரிசை கட்டி நின்றன. சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னய்யா இது, கல்யாண ஊர்வலம் மாதிரி நிக்குது? மேல என்னைக் கிழிக்கிறாங்க. ரப்பர் மாத்த இன்னும் மூணு மாசம் ஆகுமாம். ஒரு வழி சொல்லு."

வழி சொல்லச் சொன்னால் மனுஷனுக்கு ஒரு மிதப்பு வந்துவிடுகிறது. ஈரக்கைக்காரர் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உள்ளங்கை நனைஞ்சா திருப்பிடுவோம் சார். விரல் நுனியில மட்டும் பட்டா விட்டுடுவோம். வெயில்ல நின்னா அதுவே காஞ்சிடும். சின்ன வண்டிதானே, இது போதும்."

சூப்பர்வைசர் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அன்று சாயங்காலத்துக்குள் சந்து காலி. மற்ற ஷிப்டுக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அதற்கு விரல் கணக்கு என்று ஒரு பேரும் வந்தது. யார் போட்ட கணக்கு என்று யாராவது கேட்டால் ஈரக்கைக்காரர் அப்போதெல்லாம் லேசாகச் சிரித்துக்கொள்வார்.

இனி அவருடைய அக்கா கதைக்கு வர வேண்டும். அந்த வீட்டில் பிள்ளைகள் மூன்று. மூத்தவர் ஒரு அண்ணன், சின்ன வயதிலேயே வெளிநாடு போய் அங்கேயே தங்கிவிட்டார். அடுத்தது அக்கா, கடைக்குட்டி இவர். இவருக்கு சைக்கிள் ஓட்டப் பழக்கியது அக்காதான். சீட்டைப் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினவள் அவள். அவள் மட்டும் எந்த வண்டியையும் ஓட்டினதில்லை. அக்காவைக் கட்டியவர் இவர்களுடைய சின்ன அத்தையின் ஓர்ப்படி மகன். பேச்சுக்குப் பேச்சு கேலி பேசுகிற மனுஷன். அப்படிப்பட்ட மாமா ஒரு நாள் காலையில் பல் துலக்கும்போது வாய் கோணி விழுந்தார். வலது கையும் காலும் போயின. ஊரின் அந்தக் கோடியில் இருந்த சிகிச்சை நிலையத்துக்கு வாரத்துக்கு மூன்று தடவை கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்தால் தேறுவார் என்றார் டாக்டர். வாடகை வண்டிக்காரர்கள் அவரைத் தூக்கி ஏற்றி இறக்க வேண்டும் என்று கண்டதுமே கியரைப் போட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். பேரன் பேத்தி எடுத்த வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். சொந்தக்காரர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாமா கோணின வாயோடு, "நான் பிழைச்சதே உங்க அக்கா ஓட்டுறதப் பாத்துட்டுப் போகத்தான்" என்றார்.

எந்த வண்டி வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது அக்கா தம்பியைத்தான் கேட்டாள். "உங்க சின்ன வண்டி எங்க கைக்கு எட்டும். ஆனா இவ்வளவு கம்மியா குடுக்குறாங்களே, நல்லா இருக்குமாப்பா?"

"அக்கா, வேற யாரோ பாத்த வண்டி உனக்கு எதுக்கு? நான் தொட்டுப் பாத்த வண்டியாவே பொறுக்கி எடுத்துத் தர்றேன்" என்றார் ஈரக்கைக்காரர்.

சொன்னபடியே செய்தார். வண்டிகள் நிற்கும் திடலில் ஒவ்வொரு சின்ன வண்டியாகக் குனிந்து பார்த்து, சீட்டுக்கு அடியில் நீலப் பொட்டு வைத்த ஒரு வெள்ளை வண்டியைப் பிடித்தார். நல்ல வெயில். கம்பளத்தைத் தடவினார், சுடச் சுடக் காய்ந்திருந்தது. அந்த மாதங்களில் நீலப் பொட்டுக்கு என்ன அர்த்தம் என்பது அவருக்கு அப்போது நினைவுக்கு வராமல் இல்லை. வந்ததும் அதை ஒரு ஈயைப் போல ஓட்டிவிட்டார். தன் பொட்டை விடத் தன் அக்காவுக்கு எது உசத்தி என்று தோன்றிவிட்டது.

நாலைந்து மாதம் வண்டி பூப்போல ஓடியது. மாமா விரலை மடக்கினார், பிறகு தம்ளரைத் தூக்கினார். சிரித்த சொந்தக்காரர்கள் எல்லாம் இப்போது அக்காவிடம் லிப்ட் கேட்டார்கள். அப்புறம் மழை பிடித்தது.

மழை பிடித்ததும் வண்டிக்குப் பேய் பிடித்தது. சிக்னலில் நிற்கும், கிளம்பாது. முன்னால் இருக்கிற விளக்கெல்லாம் கண் சிமிட்டும். ஒரு தடவை ஹாரன் தானாகவே அலறியது. முன்னால் போன ஆள் இறங்கி வந்து திட்டிவிட்டுப் போனார். சர்வீஸில் விட்டால் அவர்கள் பார்க்கிற நேரத்துக்குள் வெயிலில் காய்ந்து சரியாகிவிடும். "வண்டியில ஒண்ணும் இல்லம்மா. கிளட்ச்ச டக்குனு விடுறீங்க போல, மெதுவா விடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். அக்காவும் மெதுவாக விட்டாள். இன்னும் மெதுவாக விட்டாள்.

ஒரு நாள் பெரிய சந்திப்பு நடுவில் வண்டி அடியோடு நின்றது. கொட்டுகிற மழை. பின்னால் லாரிகள். பக்கத்தில் மாமா, இறங்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. பயத்தில் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர் அப்படியே சரிந்து தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். யார் யாரோ ஓடி வந்து தூக்கினார்கள். அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து அக்கா சாவியை ஆணியில் மாட்டினாள். அதற்கப்புறம் தொடவில்லை.

ஈரக்கைக்காரர் பார்க்கப் போனபோது மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார். பயிற்சிக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. தம்ளரை இடது கையால் எடுத்தார்.

"வாப்பா மாப்பிள்ளை," என்றார். "உங்க அக்கா என்னைக் குளிப்பாட்டுறத வீட்டுலயே பண்ணக் கூடாதா? நடு ரோட்டுல கொண்டு போய்ப் பண்றா."

அக்கா சிரிக்கவில்லை. "என் புத்தியச் செருப்பால அடிக்கணும். இந்த வயசுல எனக்கு எதுக்கு ஸ்டியரிங்கு?"

"வண்டியில ஏதாவது..." என்று ஆரம்பித்தார் தம்பி.

"வண்டியச் சொல்லாதே. சர்வீஸ்காரனே சொல்லிட்டான். அது நீ தொட்டுப் பாத்த வண்டி. கோளாறு என் காலுலதான்."

அவர் வண்டியை ஒரு தரம் பார்க்கிறேன் என்று சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். இடது பக்கக் கம்பளத்தைத் தூக்கி, கையை அடியில் விட்டார். உள்ளங்கையில் ஒன்றும் ஒட்டவில்லை. விரல் நுனியில் மட்டும் சில்லென்று இருந்தது. அவர் சொன்ன அளவுதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. அதற்குக் கீழே ஒயர்கள் ஒன்றோடொன்று சேரும் கப்ளர் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. சீட்டுக்கு அடியில் நீலப் பொட்டு புதுசு போலவே இருந்தது.

அப்போதே உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேறு வழி பார்த்தார். வண்டியைக் கழுவித் தருகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை வந்து, யாருக்கும் தெரியாமல் கப்ளரைத் துடைத்து, ரப்பரை மாற்றி, மூலையில் பசை வைத்து அடைத்தார். குழாய் போட்டு அடித்தார். பொட்டு ஈரம் இல்லை. மனசிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பாவத்தை யாருக்கும் தெரியாமல் கழுவிவிடலாம் என்று நினைத்தார் போலும்.

"அக்கா, வண்டி இப்போ ஜம்முனு இருக்கு. நாளைக்கு மாமாவக் கூட்டிட்டுப் போ."

"வண்டி எப்பவும் ஜம்முனுதான் இருந்துச்சு" என்றாள் அக்கா, கீரையை ஆய்ந்துகொண்டே. "வித்துடச் சொல்லிட்டேன். ஓட்டத் தெரிஞ்சவங்க வாங்கிக்கட்டும்."

உள்ளேயிருந்து மாமாவின் இருமல் கேட்டது. ரப்பரை மாற்றினால் தண்ணீர் நிற்கும். அக்காவின் மனசுக்குள் இறங்கினது நிற்காது. அதை எடுக்க அவர் வாயைத் திறந்தே ஆக வேண்டும்.

அவர் தரையில் அவள் எதிரே உட்கார்ந்தார். சொல்ல ஆரம்பித்தார். ரப்பரைச் சொன்னார், சந்தில் நின்ற வண்டிகளைச் சொன்னார். சூப்பர்வைசர் தலையில் போட்டுவிடலாம் என்று நாக்கு ஒரு தரம் திரும்பியது. அதையும் அடக்கிக்கொண்டு, "சார் வழி கேட்டாரு. கணக்குப் போட்டுக் குடுத்தது நான்தான். சின்ன வண்டிதானே, இது போதும்னு சொன்னேன்" என்றார். "உன் காலுல கோளாறு இல்லக்கா. என் கையிலதான்."

அக்காவின் கை கீரையிலேயே நின்றுவிட்டது. திட்டுவாள் என்று பார்த்தார். அழுவாள் என்று பார்த்தார்.

"எனக்குப் பொறுக்கி எடுத்தப்போ இது தெரியுமா உனக்கு?"

"...தெரியும். ஆனா நினைக்கல."

"இந்த மாதிரி எத்தனை வண்டி வெளிய போயிருக்கு?"

அவருக்குத் தெரியாது. மூன்று மாதம், மூன்று ஷிப்டு.

"அப்போ என்னை மாதிரி இன்னும் எத்தனை பேரு, எனக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு வீட்டுல உக்காந்திருக்காங்களோ" என்றாள் அக்கா. அவரிடம் கேட்டது மாதிரி இல்லை. அதுதான் அவரை அறைந்தது.

மாமா மட்டும் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "ஏண்டி, அப்போ நல்லாத்தான் ஓட்டினியா? மூணு வாரமா உன்னைத் திட்டினதெல்லாம் வீணாப் போச்சே!"

மறுநாள் காலையில் அக்கா சாவியை எடுத்தாள். தம்பி லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். முன்னால் ஏறப் போனவரை, "பின்னால உக்காரு" என்றாள். போகும்போதும் வரும்போதும் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு பேசினாள், சிரித்தும் பேசினாள். ஆனால் எதை வாங்கலாம், எது நல்லது என்று அவரிடம் கேட்பதை அத்தோடு விட்டுவிட்டாள். பேத்திக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கினால்கூடத் தானே கவிழ்த்துப் பார்த்து வாங்கினாள்.

தொழிற்சாலையில் ரப்பர் மாறின பிறகும் விரல் கணக்கு மாறவில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கசிந்ததையும் அதே கணக்கில் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரக்கைக்காரர் விரலில் பட்ட வண்டியையும் திருப்ப ஆரம்பித்தார். சூப்பர்வைசர் வந்து, "என்னய்யா, உன் கணக்கை நீயே அழிக்கிறே?" என்று கேட்டார்.

"தப்பாப் போட்டுட்டேன் சார்."

"மத்த ரெண்டு ஷிப்டும் அதேதானே போட்டுக்கிட்டிருக்கு. அவங்களுக்கு யார் சொல்றது?"

அவர்தான் போய்ச் சொன்னார். சிலர் கேட்டார்கள். சிலர், "சின்ன வண்டிதானே அண்ணே" என்று அவர் வார்த்தையையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். வெளியே போன வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று மேலே போய்க் கேட்டார். பார்க்கலாம் என்றார்கள். அவர் ஓய்வு பெறும் வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இப்போதும் மழை பெய்தால் அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. மனைவி குடையை எடுத்து நீட்டிவிடுவாள், ஒன்றும் கேட்க மாட்டாள். பெரிய சந்திப்புப் பக்கம் போய் ஒரு கடை ஓரமாக நிற்பார். எங்கேயாவது அந்த மாதிரிச் சின்ன வண்டி விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றால் ஓடிப் போய்க் கண்ணாடியைத் தட்டுவார். உள்ளே இருப்பவர் பெரும்பாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெலவெலத்துப் போயிருப்பார். "எனக்கு என்னன்னே தெரியலைங்க, நான் ஏதோ..." என்று ஆரம்பிப்பார்.

"நீங்க ஒண்ணும் பண்ணலீங்க" என்பார் ஈரக்கைக்காரர். சொல்லிக்கொண்டே குனிந்து கம்பளத்துக்கு அடியில் கையை விடுவார். அதற்கு முன்னால் சீட்டுக்கு அடியில் ஒரு தரம் பார்ப்பார். பச்சைப் பொட்டு இருக்கும், சிவப்புப் பொட்டு இருக்கும். நீலம் இருந்தால் மட்டும் அவர் தலை நிமிர்ந்து அந்த மனுஷர் முகத்தைப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆகும்.