இரண்டடிக் கட்டில்

நான் ஒரு கட்டிலைச் சுருக்கினேன். மூன்றடி அகலக் கட்டில் அது. என் படத்தில் இரண்டடி. தெரியாமல் நேர்ந்த பிழையன்று... தெரிந்தே செய்தேன்.

நீங்கள் கோவையில் வீடு தேடியிருந்தால் என் கைவேலையைப் பார்த்திருப்பீர்கள். விற்பனைக்கு வரும் அடுக்குமாடி வீடுகளுக்கு, கணபதிப் பகுதியில் உட்கார்ந்து வரைபடம் போடுகிறவள் நான். அதில் இரண்டு வகை. தட்டையான படத்தில் வெறும் கோடுகள், சுவருக்குச் சுவர் அளவு. முப்பரிமாணப் படமோ, கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து எட்டிப் பார்ப்பதைப் போல! சோபா, திரைச்சீலை, கட்டில் எல்லாம் இருக்கும். அளவு மட்டும் இருக்காது. இதில் என்னை மிஞ்ச இந்த ஊரில் ஆளில்லை. சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் இல்லை.

கட்டில் சிறுத்தால் அறை பெரிதாகத் தெரியும். அவ்வளவுதான் வித்தை!

பெருந்துறையிலிருந்து ஓர் அம்மா, கட்டி முடியும் தறுவாயில் இருந்த வீடொன்றை வாங்க என் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. என் முப்பரிமாணப் படத்தைக் கையில் வைத்து, குளியலறையை ஒட்டிய சின்ன அறையை அவருக்கென்று பார்த்தார்.

“கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் நின்னு அவரைப் புரட்டோணுங்க அம்மணி. இல்லாட்டி முதுகு புண்ணாயிருதுங்க. அளவு போட்ட படம் இருக்குதுங்களா?”

இருந்தது. என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது! அதெல்லாம் இன்ஜினியர்களுக்கு என்று சொல்லி, அவர் கையிலிருந்த படத்தையே சுட்டிக் காட்டினேன். கட்டிலின் இருபுறமும் தாராளமாக இடம். அவர் முகம் தெளிந்தது. வீட்டை வாங்கிவிட்டார்கள்.

ஏன் அப்படிச் செய்தேன்? அவரை ஏமாற்றவா? இல்லை... என் படத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவர் கோடுகளைக் கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை. கர்வம்!

சில மாதங்கள் கழித்து, அதே கட்டடத்தில் வேறொரு வீட்டை அளக்கப் போனேன். அந்த அம்மா பார்த்துவிட்டு உள்ளே அழைத்தார். கட்டில் ஒருபக்கம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. என் கண்ணெதிரே அவர் கட்டில்மேல் ஏறி, முழங்காலிட்டு, மூச்சு வாங்கக் கணவரைப் புரட்டினார். முதுகில் புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தது.

“நாங்க வாங்குன கட்டில்தானுங்க பெருசாப் போச்சு. உங்க படத்துல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு,” என்றார்.

ஆமாங்க என்றேன்.

இப்போது என் எல்லாப் படங்களிலும் அளவு உண்டு. எந்தக் கட்டிலும் சுருங்குவதில்லை. வேலை முன்னைவிடச் சுத்தம். உங்களிடம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வேன். அந்த அம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை... அவர் இன்றும் தன் கட்டிலைத்தான் நொந்துகொண்டிருப்பார்.