கல்யாணத்துக்கு ஒரு கூடை மண்

தங்கை கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க இன்று காலை அம்மாவும் நானும் போயிருந்தோம். சாயப்பட்டறையாக இருந்து, மூடி, பல வருடம் பாழாய்க் கிடந்த இடம். இப்போது ஏசி, லிஃப்ட், தாராளமான பார்க்கிங், வாசலில் பச்சைப் புல்தரை. பழைய பாய்லர் புகைபோக்கியைக்கூட இடிக்காமல் சீரியல் லைட் சுற்றி நிறுத்தியிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு எல்லாமே பிடித்துவிட்டது. கடைசியாக மேனேஜரிடம் கேட்டார்.

“ஏனுங்க, முகூர்த்தக்கால் எங்கீங்க நடறது?”

அவர் வாசலோரம் இருந்த சிமென்ட் தொட்டியைக் காட்டினார்.

“தொட்டியிலயா? தரையில நட்டாத்தானுங்க நல்லது. என் கல்யாணத்துக்கு ஊட்டு வாசல்ல நட்ட கொம்பு துளுத்து மரமே ஆச்சுங்க.”

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

“சாயத்தண்ணி ஊறுன இந்தத் தரையில எதுவும் வேர் புடிக்கறதில்லீங்க. அந்தப் புல்லே பிளாஸ்டிக்குங்க. தொட்டிக்கு மண்ணும் உங்க ஊட்டுல இருந்தே கொண்டாந்துருங்க. எல்லாரும் அப்படித்தானுங்க பண்றாங்க.”

அம்மா குனிந்து அந்தப் புல்லைத் தொட்டுப் பார்த்தார்.

பாழாய்க் கிடந்ததற்கு இது எவ்வளவோ மேல். அதில் எனக்குச் சந்தேகமில்லை. மண்டபத்தைப் பேசி முடித்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து பைக்கை நிறுத்தும்போதுதான் உறைத்தது. அம்மா சொன்ன மரம் நின்ற இடத்தில் இப்போது எங்கள் கார் ஷெட். வாசல் முழுக்க டைல்ஸ்.

சேவூர், பொங்கலூர் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் நண்பர்கள் யாராவது கமெண்டில் வாருங்கள். இந்தக் கல்யாணத்துக்கு மொய்யை மண்ணாகவே வாங்கிக்கொள்கிறோம்.