சகலையின் ஷாக் அப்சார்பர்

நான் செய்த முட்டாள்தனங்களை வரிசைப்படுத்தினால், மனைவியின் தையல் டேப்பைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு அடையாறு போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் முதல் இடம். தைக்கப் போகவில்லை. என் சகலையின் பைக்கில் பின்பக்க ஷாக் அப்சார்பர் எவ்வளவு நீளம் என்று அளக்கப் போனேன்.

மனைவியின் அக்காவைக் கட்டியவர் அவர். அவருடையதும் என்னுடையதும் ஒரே மாடல் வண்டி, ஒரே கறுப்பு. எங்கள் இருவரையும் எடை போட மாமனார் வீட்டுக்கு இதைவிட வசதி வேண்டாம். ஒருநாள் என் மனைவி அவர் பின்னால் உட்கார்ந்து தி.நகர் போய் வந்தாள். "மாமா வண்டியில மடியில இருந்த பூகூட ஆடல" என்றாள். அவ்வளவுதான். என் வண்டியில் ஏறினால் இடுப்பு வலிக்கிறது என்று கோயிலுக்குக்கூட ஆட்டோ பிடிக்க ஆரம்பித்தாள். மயிலாப்பூர் மாடவீதியில் காலிப் பின்சீட்டோடு நான் முன்னே போவேன். அவள் ஆட்டோவில் பின்னே வருவாள். மந்திரிக்கு முன்னால் போகிற போலீஸ்காரன் மாதிரி இருக்கும். இருபது வருஷமாக என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்த கை அது. அந்தக் கைக்காரி இன்னொருவர் வண்டியைப் புகழ்ந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்று சகலை வீட்டில் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் கீழே இறங்கினேன். சகலை எப்போதும் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில்தான் நிறுத்துவார்; பின்சக்கரம் தரையைத் தொடாமல் நிற்கும். குந்தி உட்கார்ந்து டேப்பை வைத்தபோது பின்னால் செருப்புச் சத்தம். அவரேதான். என்ன என்று கேட்டால் சொல்ல ஒரு பொய் வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. தானும் குந்தி, டேப்பின் மறுமுனையைப் பிடித்து, "போல்ட்டு நடுவுலேர்ந்து வைங்க" என்றார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். பொறாமைப்படுகிறவனுக்கு ஒத்தாசை செய்வதைப் போலக் கொடுமை வேறில்லை.

வீட்டிலேயே அளந்துவைத்திருந்த என்னுடையதைவிட இரண்டு விரற்கடை நீளம்! ரகசியம் சிக்கிவிட்டது என்று ஈக்காட்டுத்தாங்கல் மெக்கானிக்கிடம் ஓடி, அந்த நீளத்துக்கும் ஒரு விரல் கூடுதலாகவே கேட்டேன்.

"இன்னா சார், பைக் ஓட்டப் போறியா, ஒட்டகம் ஓட்டப் போறியா?" என்றார். மாட்டிக்கொண்டுதான் வந்தேன்.

லஸ் முனை சிக்னலில் நின்றபோது என் கால் தரையைத் தேடியது. தரை அகப்படவில்லை. வண்டி மெல்லச் சாய்ந்து பக்கத்து ஆட்டோமேல் முட்டுக்கொடுத்து நின்றது. "நைனா, தூக்கம் வந்தா வூட்ல போய்த் தூங்கு" என்றார் டிரைவர். உள்ளே என் மனைவி, என்னை யாரென்றே தெரியாதவள்போல எதிர்ப்பக்க நகைக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சகலை வண்டியை அளந்த கதையைச் சொன்னதும் மெக்கானிக் கேட்டார்: "அவரோடத எப்டி அளந்த?"

"சென்டர் ஸ்டாண்டுல."

"உன்னோடத?"

"சைடு ஸ்டாண்டுல."

தலையில் அடித்துக்கொண்டார். "சைடு ஸ்டாண்டுல வண்டி வெயிட்டு ஸ்பிரிங்க அமுக்கிக்கினு கீது சார். தூக்கி நிறுத்தினா அது நீண்டுக்கும்." கழற்றிப் போட்டிருந்த என் பழைய ஷாக்கை எடுத்து அளந்து காட்டினார். சகலையுடைய அளவேதான், நூல் பிசகவில்லை. அதையே திரும்ப மாட்டிக்கொண்டு வந்தேன்.

இப்போது சகலை பைக்கை விற்றுவிட்டு மகளோடு பெங்களூரில் இருக்கிறார். போட்டிக்கு ஆளே இல்லை. ஆனாலும் ஒரே நீளமுள்ள இரண்டு ஷாக்கில் ஒன்று மட்டும் எப்படிக் குலுங்கும் என்ற கேள்வி என்னை விடவில்லை. போன வாரம் ஆட்டோ கிடைக்காமல் மனைவி என் பின்னால் ஏறினாள். தோளில் கை விழுந்ததும் எனக்கு ஒரே குஷி. மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூர் கோயில்வரை கழுத்தைத் திருப்பித் திருப்பி, ஸ்பிரிங், ஸ்டாண்டு, அளவு என்று மூச்சுவிடாமல் விளக்கிக்கொண்டே போனேன். இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அளவு ரெண்டும் ஒண்ணுதான். அப்புறம் அவர் வண்டிக்கும் இதுக்கும் என்னதான் வித்தியாசம், சொல்லு" என்றேன்.

"மாமா ரோட்டைப் பாத்து ஓட்டுவாரு."