சுட்டியன் குரைத்தால் எழும்புகிறவள்

ஜெகதீஸ்வரிக்கு ஓரிடத்தில் இருக்க வராது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வேலிப் படலைக்குப் போவாள். செம்மண் தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பாள். ஒருவரும் வராத தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்திருக்கும். கலியாணம் முடித்து வட்டக்கச்சிக்கு வந்து ஏழு மாதமாகியும் இந்தப் பழக்கம் அவளை விடவில்லை.

கொக்குவிலில் அவள் பிறந்த வீட்டைச் சுற்றி நான்கு வீடுகள். வேலிக்கு இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "ஆரது?" என்று கேட்பார்கள். இங்கே இருப்பது குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த காணி. அரசாங்கம் கட்டிக் கொடுத்த ஓர் அறை, ஒரு விறாந்தை, பின்னால் குசினி. குசினிக்குப் பின்னால் வாய்க்கால், அதற்கப்பால் வயல், வயல் முடிகிற இடத்தில் காடு. அடுத்த வீட்டுக் கூரையைப் பார்க்க வேண்டுமென்றால் வரம்பில் ஏறி எட்டிப் பார்க்க வேண்டும்.

கணவன் கதிர்காமநாதன் அதிகம் பேசாதவன். ஐப்பசி மழை தொடங்கிய வாரம் ஒரு நாள் எதையோ சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தான். சாக்கு நெளிந்தது.

"இஞ்சாரும், இதைப் பிடியும்."

உள்ளே கறுப்பாக ஒரு நாய்க்குட்டி. நெற்றியில் மட்டும் வெள்ளையாக ஒரு சுட்டி. கண் திறந்து அதிக நாளாகியிருக்காது.

"ஐயோ, தாயை விட்டுப் பிரிச்சுக்கொண்டு வந்திட்டியளே?"

"கதிர் பால் பிடிக்கிற நேரம் காட்டுப் பண்டி வரும். அதுக்குள்ளை இது குலைக்கப் பழகவேணும். நீர்தான் வளக்கவேணும், எனக்கு எங்கை நேரம்?"

சுட்டியன் என்று அவள்தான் பெயர் வைத்தாள். நாய் வளர்த்து அறியாதவள். கொக்குவிலில் நாய் இருந்ததுதான். ஆனால் அது தானாக வளர்ந்தது, யார் சோறு வைத்தார்கள் என்றுகூட அவளுக்கு நினைவில்லை. முதல் நாள் பசுப்பாலைத் தண்ணீர் விடாமல் சிரட்டையில் வார்த்தாள். குட்டி ஆசையோடு குடித்தது, அடுத்த நாள் முழுக்க வயிற்றால் போனது. பயந்துபோய்ப் பாலை நிறுத்தினாள். பிறகு கஞ்சித் தண்ணீரில் பாலைக் கலந்து, விரலால் தொட்டுச் சூடு பார்த்து, ஒரு நாளைக்கு நாலு தரம் கொஞ்சம் கொஞ்சமாக வைக்கப் பழகினாள். முதல் மூன்று இரவும் அது தாயைத் தேடி அழுதது. தன்னுடைய பழைய சேலையொன்றைச் சுருட்டி அதன் பக்கத்தில் வைத்தாள், அழுகை அடங்கியது. வயிறு பானைபோல ஊதியபோது வேப்பங்கொழுந்தை அரைத்துப் புகட்டினாள். காதுக்குள் உண்ணி இருக்கிறதா என்று தினமும் பார்த்தாள். பல் முளைக்கிற நாட்களில் அது கதிர்காமநாதனின் செருப்பைக் கடித்துக் குதறியது. அவன் வாயைத் திறக்க முன்னர் தேங்காய் மட்டைத் துண்டொன்றை அதற்கு முன்னால் போட்டுவிட்டாள்.

இதெல்லாம் சரியாகத்தான் போனது. பிழை வேறோரிடத்தில் நடந்தது.

கார்த்திகை நடுவில் ஒரு பகல், சுட்டியன் முதன்முதலாகக் குரைத்தது. அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கையைக்கூடக் கழுவாமல் எழும்பி முற்றத்துக்கு ஓடினாள்.

"ஆரது? வாங்கோ, அது கடிக்காது!"

படலையில் ஒருவரும் இல்லை. கிணற்றுக்கட்டில் ஒரு காகம் இருந்தது. ஊரிலே நாய் குரைத்தால் படலையில் ஆள் நிற்கிறது என்றுதான் அர்த்தம். சின்னம்மா வந்திருப்பா, தபாற்காரன் வந்திருப்பான், மரக்கறிக்காரியாவது வந்திருப்பாள். அந்தப் பழக்கத்தில் ஓடியவள், ஏமாந்த முகத்தை யாரும் பார்க்கவில்லையென்றாலும் வெட்கப்பட்டாள். குட்டியைத் தூக்கி, "என்ரை ராசா குலைக்கத் தொடங்கிட்டார்" என்று கொஞ்சி, காலையில் மிஞ்சிய பிட்டில் ஒரு பிடி வைத்தாள்.

சுட்டியன் அதைக் கவனித்துக்கொண்டது.

ஒரு மாதத்துக்குள் அது எதற்கும் குரைத்தது. காகத்துக்கு, கன்றுக்குட்டிக்கு, காற்றில் ஆடுகிற வாழையிலைக்கு, கொடியில் காய்கிற சாரத்துக்கு. ஒவ்வொரு தரமும் அவள் எழும்பிப் போனாள். யாருமில்லை என்று தெரியும். தெரிந்தும் போனாள். ஒரு வேளை வந்திருந்தால்?

மார்கழி நடுவில் உண்மையாகவே ஒருவர் வந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயற்காரர் வீரகத்தி. வண்டில் வியாபாரியை விட்டால், மூன்று கிழமைக்குப் பிறகு வீட்டுக்கு வந்த முதல் ஆள். அவள் ஓடிப்போய்க் கதிரையைத் துடைத்து வைத்தாள். அவர் இருக்கவில்லை.

"தம்பி நாதன், நான் கோவிக்கிறன் எண்டு நினையாதை. பொழுதுபட்டு மைம்மலிலை உன்ரை நாய் குலைக்குது, பண்டி எண்டு பொல்லை எடுத்துக்கொண்டு சேத்துக்குள்ளாலை ஓடி வாறன். வந்து பாத்தா உன்ரை சாரம் ஆடுது! ரெண்டு தரம் ஓடி வந்தனான். மூண்டாந்தரம் உண்மையாப் பண்டி வந்தாலும் நான் வரமாட்டன். சொல்லிப்போட்டன்."

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ அண்ணை" என்றாள் ஜெகதீஸ்வரி.

"வேண்டாம் பிள்ளை. கால் முழுக்கச் சேறு."

அவர் போன பிறகு கதிர்காமநாதன் வயலில் ஒரு கதிரை நசுக்கிப் பார்த்துவிட்டு வந்தான். கதிர் பால் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அயலவன் வராவிட்டால் தனி ஒருவன் பன்றிக் கூட்டத்தை மறிக்க முடியாது.

"நாளைக்கு ஆதம்பாவா நானாவின்ரை வண்டில் வரும். அதுக்கடுத்த முறை வரேக்கை இது உந்தச் சும்மா குலைக்கிறதை விட்டிருக்க வேணும். இல்லாட்டி நானாவிட்டைக் குடுத்துவிடுவம். துணுக்காய்ப் பக்கம் மரம் அரியிற இடத்திலை நாய் கேட்டவங்கள்."

காட்டுக்குள் இருக்கிற அந்த மர வாடியில் நாய்கள் நிலைப்பதில்லை. சிறுத்தை கொண்டுபோய்விடும், பிறகு வேறொரு நாய் கேட்பார்கள்.

அடுத்த நாள் ஆதம்பாவா வந்தார். முல்லைத்தீவுப் பக்கத்து வியாபாரி. இரண்டு கிழமைக்கொரு தரம் புதன்கிழமைகளில் உப்பு, கருவாடு, சவுக்காரம், சீத்தைத் துணி எல்லாம் மாட்டுவண்டிலில் கொண்டுவருவார். சுட்டியன் வண்டிலைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது. அவர் சாரத்தை ஒதுக்கிக்கொண்டு வண்டிலிலேயே இருந்தார்.

"உதைக் கொஞ்சம் அங்காலை பிடி தங்கச்சி. எங்கடை மார்க்கத்திலை நாய் பட்டுதெண்டா ஏழு தரம் கழுவவேணும், தண்ணி உன்ரை கிணத்திலைதான் அள்ளுவன்."

அவள் குட்டியைத் தூக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிக்கும் முன் கண் கலங்கிவிட்டது.

"நான் நாயைத் தொடுறேல்லை. ஆனா இருபது வருசமா ஒவ்வொரு படலையிலையும் நாய்தான் என்னை வரவேற்குது" என்றார் அவர். "நான் பாத்ததைச் சொல்லட்டே? கோவிக்காதை. அது குலைக்குது, நீ ஓடி வாறாய். திரும்பக் குலைக்குது, திரும்ப ஓடி வாறாய். இதிலை ஆர் ஆரை வளக்கிறது?"

"அப்ப என்ன செய்யச் சொல்லுறியள் நானா?"

"இரு. சும்மா இரு. குலைச்சா எழும்பாதை, பாக்காதை, சோறு வையாதை. வாயை மூடின பிறகு போய்த் தடவிவிடு."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்" என்று அவர் சிரித்தார். "உன்னாலை ஏலுமோ எண்டுதான் தெரியேல்லை."

ஏலவில்லைதான். அன்று பின்னேரம் சுட்டியன் குரைத்தபோது, கால் தன்பாட்டில் எழும்பிவிட்டது. மறுபடி இருந்தாள். உரலைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். வெளியே குரைப்பு ஏறியது, ஊளையானது, பிறகு கேள்விபோல ஒரு சின்னச் சத்தமாகியது. ஊரிலிருந்து அண்ணன் வந்து படலையில் நின்று, யாருமில்லை என்று திரும்பிப் போவதுபோல அவளுக்குத் தோன்றியது. எழும்பவில்லை. சத்தம் அடங்கிய பிறகு போய்ப் பார்த்தாள். தெரு வெறுமையாகக் கிடந்தது. குட்டி வாலை ஆட்டியது. தடவிவிட்டாள்.

ஐந்து நாளில் குரைப்பு பாதியானது. பத்தாம் நாள் முற்றாக நின்றது. காகத்துக்கும் இல்லை, சாரத்துக்கும் இல்லை. சுட்டியன் குசினி வாசலில் படுத்துக்கொண்டு அவள் கையையே பார்த்தது. கதிர்காமநாதன், "பறவாயில்லையே" என்றான். அவளுக்கு மட்டும் அமைதி இல்லை. முதலில் நான்தான் இதைக் கெடுத்தேன். இப்போது திருத்துகிறேன் என்று வேறு எதையாவது கெடுத்துவிட்டேனோ? பன்றி வந்தால் குரைக்குமா? யாரிடம் கேட்பது? நாயிடம் கேட்க முடியுமா?

பன்னிரண்டாம் நாள், மைம்மல் பொழுது. கதிர்காமநாதன் தெருவோரத்து மதகில் தண்ணீர் திருப்பப் போயிருந்தான். சுட்டியன் பின்பக்கத்தால் குசினிக்குள் வந்தது. குரைக்கவில்லை. அவள் முன்னால் நின்று முகத்தைப் பார்த்தது. வாய்க்கால் பக்கம் போய், திரும்பி வந்து, மறுபடி பார்த்தது. முதுகு மயிர் எழும்பி நின்றது.

"போய்ப் படடா" என்றாள். எழும்பக் கூடாது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அது போகவில்லை. சேலைத் தலைப்பைப் பல்லால் பிடித்து இழுத்தது.

எழும்பினாள். வாய்க்கால் கட்டில் ஏறினாள். காட்டோரத்து மூலையில் கதிர்கள் காற்றில்லாமல் அசைந்தன. கறுத்த முதுகுகள், நாலோ ஐந்தோ. உறுமல் கேட்டது.

"குலையடா! சுட்டியன், குலை!"

குட்டி அவளை அண்ணாந்து பார்த்து வாலை ஆட்டியது. வாயை இறுக்கமாக மூடிக்கொண்டு, நல்ல பிள்ளையாக.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அடுத்த கணம் அவளே கூக்காட்டினாள். கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து இந்தக் காணியில் அவள் இப்படிச் சத்தம் போட்டதில்லை. முதற் குரல் பாதியில் உடைந்தது. இரண்டாவது உடையவில்லை. மூன்றாவதுக்கு வாய்க்காலுக்கு அப்பாலிருந்து வீரகத்தியின் குரல் பதில் கொடுத்தது. அதற்கப்பால் இன்னொரு குரல், பெண் குரல். அதற்கும் அப்பால் யாரோ தகரத்தை அடித்தார்கள். வீரகத்தி பொல்லோடு சேற்றில் சளக்குச் சளக்கென்று ஓடி வந்தார். பன்றிகள் காட்டுக்குள் பாய்ந்தன. பாய் ஒன்று விரிக்கிற அளவு இடம் உழக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

"நாய்ச் சத்தம் எண்டா வந்திருக்கமாட்டன்" என்றார் வீரகத்தி மூச்சிரைத்துக்கொண்டு. "பொம்பிளைச் சத்தம் கேட்டுது, அதுதான்."

இரண்டு நாள் கழித்துப் புதன்கிழமை. படலையில் வண்டில் நின்றது. கதிர்காமநாதன் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தான்.

"சும்மா குலைக்கிறதை நிப்பாட்டச் சொன்னனான்தான். இது பண்டிக்கும் குலைக்காதெண்டா என்னத்துக்கு?"

ஜெகதீஸ்வரி குட்டிக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள். இதுவரை அவனை மறித்துப் பேசியதில்லை.

"பண்டியை முதல்லை கண்டது அதுதான். வந்து என்னைக் கூப்பிட்டது. சத்தம் நான் போட்டன். நாங்கள் ரெண்டு பேரும் சேந்து ஒரு நாய் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன்."

வண்டிலில் இருந்த ஆதம்பாவா, உப்பு அளக்கிற பேணி கையிலிருந்து நழுவ, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "தம்பி, ரெண்டையும் சேத்து ஏத்தவேணுமெண்டா வண்டில் காணாது!"

கதிர்காமநாதனின் காது சிவந்தது. கயிற்றைச் சுருட்டினான்.

"உதை வீரகத்தியண்ணைக்குச் சொல்லிப்போடாதையும்" என்றான். வயற்பக்கம் நடந்தான்.

அன்று பின்னேரமும் அவளால் இருக்க முடியவில்லை. ஆனால் படலைக்குப் போகவில்லை. வாய்க்காலைத் தாண்டி வரம்பில் நடந்தாள், சுட்டியன் முன்னால். இது இனி எப்போதாவது குரைக்குமா? குரைக்கப் பழக்கத்தான் வேண்டுமா? பழக்கினால் மறுபடி காகத்துக்குக் குரைக்குமோ? எதைக் கேட்டாலும் இன்னொரு கேள்விதான் வந்தது. அந்தப் பக்கத்து வரம்பில் களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள்.

"அண்டைக்குக் கூக்காட்டினது நீரோ?"

"ஓம்."

"நல்ல தொண்டை" என்றாள் அவள். "நான் இலட்சுமி. வீரகத்தியின்ரை வீட்டுக்காரி."

பதில் சொல்ல வாய் திறந்த ஜெகதீஸ்வரி நின்றாள். சுட்டியன் காட்டைப் பார்த்து மூக்கை உயர்த்தியிருந்தது. முதுகு மயிர் மெல்ல எழும்பியது. அவள் மூச்சை உள்ளே இழுத்தாள்.